மதராஸில் அகப்பட்ட வேரா, பெருநாழிப் பக்கம் விழுந்த கல்

கேள்வி: விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிற பாலவனத்தம் எங்கள் ஊர். மானாவாரி விவசாயம்தான், பருத்தி, மக்காச்சோளம், மழையைப் பொறுத்துக் கொஞ்சம் கம்பு. இந்த வருசம் கோடை உழவு போட்டபோது டிராக்டர் கொழுவில் ஒரு கறுப்புக் கல் தட்டுப்பட்டது. தேங்காய்ப் பருமன்தான், ஆனால் தூக்கினால் கனம். ரேசன் கடைத் தராசில் 4 கிலோ 300 கிராம் காட்டியது. ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கிறது, மறுபக்கம் சின்னச் சின்னப் பொத்தல்கள். பேரன் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துப் பார்த்தான், ஒட்டுகிறது. பேத்தி கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். ‘245 வேரா’ என்று ஒரு சிறுகோளை அந்தக் காலத்தில் மதராஸில்தான் கண்டுபிடித்தார்கள், அது கல்லால் ஆனது, அதில் உடைந்த துண்டாகக்கூட இது இருக்கலாம் தாத்தா என்கிறாள். அப்படி இருக்குமா? வேரா எங்கள் ஊரிலிருந்து கண்ணுக்குத் தெரியுமா? அது எப்போதாவது பூமியில் வந்து விழுமா? இந்தக் கல் கோடி ரூபாய் பெறும் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். கோயிலில் வைத்துக் கும்பிடலாம் என்கிறார் ஒருவர். நான் என்ன செய்ய வேண்டும்?
— ஒரு வாசகர், பாலவனத்தம்

பதில்: முதலில் கல்லைப் பற்றி என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். காந்தத்தில் ஒட்டுவதும் கனமும் விண்கல்லுக்குப் பொருந்தும். பொத்தல்கள் பொருந்தாது. ஆகவே அது விண்கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு. அதற்காக அதை வரப்பில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் எழுதுகிறேன். உங்கள் பேத்தி கேட்டதிலிருந்து தொடங்கினால் விண்கற்கள் எங்கிருந்து புறப்பட்டு எப்படி வருகின்றன என்பது விளங்கும். அது விளங்கினால் உங்கள் கல்லை என்ன செய்வது என்பதும் தானாகவே தெளிந்துவிடும்.

வேராவை மதராஸில் கண்டுபிடித்தார்கள் என்று பேத்தி சொன்னது உண்மைதான். 1885 பிப்ரவரி 6 அன்று மதராஸ் வான்நோக்ககத்திலிருந்து வேராவைக் கண்டவர் நார்மன் ராபர்ட் போக்சன். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தவர். 1861இல் அரசு வானியலாளராக மதராஸ் வந்தார். 1891இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆக்ஸ்போர்டில் வேலை பார்த்தபோதே சிறுகோள் வேட்டையில் பெயர் எடுத்திருந்தார். மதராஸில் அவர் கண்ட முதலாவது, 1861 ஏப்ரல் 17இல் அகப்பட்ட 67ஆம் எண் சிறுகோள். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார்கள். 1864இல் சாப்போ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா என்று தொடர்ந்து கிடைத்தன. அதற்குப் பிறகு பதினாறு ஆண்டுகள் புதிதாக எதுவும் இல்லை. கடைசியாக வந்தது வேரா.

அந்த வான்நோக்ககம் இருந்த இடத்தை இன்றும் பார்க்கலாம். சென்னை நுங்கம்பாக்கத்தில் மண்டல வானிலை ஆய்வு மையம் இருக்கிறதல்லவா, புயல் நாட்களில் தொலைக்காட்சியில் நாம் பார்க்கிற அதே வளாகம். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே வான்நோக்ககம் கட்டியபோது கருவியைத் தாங்குவதற்காக நிறுத்திய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அதில் தமிழிலும் கல்வெட்டு உண்டு. சென்னைக்குப் போனால் அனுமதி கேட்டுப் பாருங்கள்; பேத்தியையும் அழைத்துப் போங்கள்.

சிறுகோளைக் கண்டுபிடிப்பது அன்றைக்கு எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லியாக வேண்டும். தொலைநோக்கியில் பார்த்தால் சிறுகோளும் விண்மீனும் ஒன்றுபோலவே ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். வித்தியாசம் ஒன்றே ஒன்று: விண்மீன் இடம் மாறாது, சிறுகோள் நகரும். வேரா இருக்கிற தூரத்தில் அந்த நகர்வு ஓர் இரவுக்கு நிலவின் அகலத்தில் பாதிகூட வராது. எனவே வானத்தின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் தெரிகிற மங்கலான விண்மீன்கள் அத்தனையையும் கையால் படமாக வரைந்து வைக்க வேண்டும். மறுநாள் இரவு அதே பகுதியைப் பார்த்து, படத்தில் இல்லாத புள்ளி ஏதும் முளைத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். மேகம் வந்துவிட்டால் வேலை அறுந்து போகும். ஒளிப்படத் தகடு கொண்டு சிறுகோளைப் பிடிக்கும் முறையை ஜெர்மனியின் மாக்ஸ் வோல்ஃப் தொடங்கிவைத்தது 1891இன் இறுதியில், போக்சன் இறந்த சில மாதங்களில். ஆக, வேரா கண்ணும் பென்சிலும் மட்டுமே கொண்டு பிடித்த தலைமுறையைச் சேர்ந்தது. இன்று பதிவாகியிருக்கும் சிறுகோள்கள் பத்து லட்சத்துக்கும் மேல். தானியங்கித் தொலைநோக்கிகள் ஓர் இரவில் நூற்றுக்கணக்கில் அள்ளுகின்றன. 245 என்ற சின்ன எண்ணை நான் மரியாதையோடு பார்ப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த வான்நோக்ககத்தில் போக்சன் தனி ஆளாக இல்லை. சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற நம் நாட்டவர் அங்கே முதன்மை உதவியாளராகப் பல ஆண்டுகள் உழைத்தார். ஆர் ரெட்டிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனை 1867இல் கண்டறிந்தவர் அவர். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது அந்த நிகழ்வைச் சாதாரண மக்களுக்கு விளக்கி இந்திய மொழிகளில் சிறு நூல் எழுதி வெளியிட்டார். 1880இல் மறைந்துவிட்டதால் வேராவை அவர் பார்க்கவில்லை. போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் அங்கே கணக்கீட்டு உதவியாளராக இருந்தார். ஒரு சிறுகோளைக் கண்டால் போதாது, அதன் பாதையைக் கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கு வேலை எப்போதும் உதவியாளர்களின் தோளில்தான் விழும். சிறுகோள் பட்டியலில் வேராவைக் கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் ஒரே பெயர்தான் இருக்கிறது. மற்றவர்களையும் நாம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1885 பிப்ரவரியில் உங்கள் பக்கத்துத் திருச்சுழியில் பின்னாளில் ரமண மகரிஷி ஆன குழந்தைக்கு ஐந்து வயது. உங்கள் ஊர் ஜமீனின் பாண்டித்துரைத் தேவருக்குப் பதினெட்டு நிறையவில்லை. அவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் அமைக்க இன்னும் பதினாறு ஆண்டுகள் இருந்தன. காலத்தை மனதில் நிறுத்திக்கொள்ள இது உதவும்.

இனி வேரா என்ன பொருள் என்பது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சூரியனைச் சுற்றும் சிறுகோள்களின் பெரும் பட்டை இருக்கிறது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொண்டால், இந்தப் பட்டை ஏறத்தாழ 2 அலகு தூரத்தில் தொடங்கி 3.3 அலகு வரை பரவிக் கிடக்கிறது. நடுநடுவே சில இடைவெளிகள் உண்டு. அந்தத் தூரங்களில் சுற்றும் எதையும் வியாழனின் ஈர்ப்பு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் பிடித்து இழுத்து, பாதையைக் குலைத்து வெளியேற்றிவிடும். அப்படிப்பட்ட இரண்டு முக்கிய இடைவெளிகள் 2.82 அலகிலும் 3.27 அலகிலும் இருக்கின்றன. இவை இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் வெளிப்பட்டை என்கிறோம். வேராவின் சராசரித் தூரம் 3.1 அலகு. ஒருமுறை சூரியனைச் சுற்றிவர அதற்கு ஏறத்தாழ ஐந்தரை ஆண்டு ஆகிறது. தன்னைத்தானே சுற்றிக்கொள்ள 14 மணி நேரத்துக்குச் சற்று மேல். குறுக்களவு சுமார் 80 கிலோமீட்டர். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு நேர்கோடு போட்டால் வருகிற தூரம் அது.

வெளிப்பட்டையில் பெரும்பான்மை கார்பன் நிறைந்த கரிய சிறுகோள்கள். தம்மேல் விழும் சூரிய ஒளியில் நூற்றில் ஐந்து பங்கு அளவுக்குத்தான் அவை திருப்பி அனுப்பும். போக்சன் கண்ட சில்வியாவும் அப்படிக் கறுத்ததுதான். பட்டையின் வெளி ஓரத்தையும் தாண்டி இருக்கிறது. வேரா அந்தக் கூட்டத்தில் சேராது. அது எஸ் வகை. சிலிகேட் தாதுக்களும் கொஞ்சம் உலோகமும் கலந்த கல். இந்த வகைக் கற்கள் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். உழுத கரிசலில் வெள்ளையாகத் துருத்தி நிற்கும் சுக்கான் கல்லைப் பார்த்திருப்பீர்கள். வெளிப்பட்டையில் வேராவின் இடம் அதுதான். கல் வகை பெரும்பாலும் பட்டையின் உள்பகுதியில், சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும். வெளியே போகப் போகக் குறையும், ஆனால் முழுவதுமாக இல்லாமல் போகாது. சூரியக் குடும்பத்தின் தொடக்க காலத்தில் வியாழன் போன்ற பெருங்கோள்கள் இடம் பெயர்ந்தபோது பட்டை முழுவதும் கலங்கிப்போனது, வெவ்வேறு இடங்களில் பிறந்தவை ஒன்றோடொன்று கலந்தன என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். வேரா போன்றவற்றை ஆராய்வது அந்தக் கலங்கலின் தடத்தைத் தேடுவதற்காகத்தான்.

பாலவனத்தத்திலிருந்து தெரியுமா என்று கேட்டீர்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இதைக் கணக்காகச் சொல்லவும் போக்சனே வழி வைத்திருக்கிறார். விண்மீன்களின் பொலிவை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஆறு வரை பிரிப்பது பழைய வழக்கம். 1856இல் போக்சன் அதற்கு ஒரு திட்டமான அளவு கொடுத்தார்: ஐந்து தரம் இறங்கினால் ஒளி சரியாக நூறில் ஒரு பங்கு. உலகம் முழுக்க வானியலாளர்கள் இன்றுவரை பயன்படுத்துவது அந்த அளவையே. நல்ல இருட்டில் மனிதக் கண் ஆறாம் தரம் வரை பார்க்கும். வேரா மிகவும் அனுகூலமாக வரும்போதும் ஏறத்தாழ பதினோராம் தரம்தான். அதாவது நீங்கள் பார்க்கக்கூடிய கடைசி மங்கல் விண்மீனைவிட நூறு மடங்கு மங்கல். ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் நல்ல வரைபடமும் இருந்தால் உங்கள் ஊரிலிருந்து பிடித்துவிடலாம். சுமார் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை அது சூரியனுக்கு நேர் எதிர்த்திசையில் வந்து இரவு முழுவதும் வானில் இருக்கும். அந்த வாரங்களில் தேட வேண்டும்.

உங்கள் பக்கத்து வானத்தைப் பற்றி நான் உறுதியாகவே சொல்வேன்: மாணவர்களுக்கு அது பெரிய செல்வம். மழை குறைந்த பூமி என்று வருத்தப்படுகிறோம். மேகம் குறைவு என்பதை நம்பித்தான் கமுதிப் பக்கம் அவ்வளவு பெரிய சூரிய மின் நிலையம் போட்டார்கள். அதே மேகமில்லா வானம் இரவிலும் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத கண்மாய்க் கரையில், அமாவாசையை ஒட்டிய நாட்களில் பிள்ளைகளை நிறுத்தி வெஸ்டா என்ற சிறுகோளைக் காட்டுங்கள். பட்டையில் உள்ளவற்றுள் வெறுங்கண்ணுக்கு எட்டக்கூடியது அது ஒன்றுதான். நெருங்கி வரும் ஆண்டுகளில் ஆறாம் தரத்தைத் தொட்டுவிடும், சில சமயம் அதற்கும் மேல் பிரகாசிக்கும். சாதாரண பைனாகுலர் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு மூன்று இரவு படம் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். நகர்ந்திருக்கும். மதராஸில் 1885இல் நடந்த வேலை அதுவே என்பதைப் பிள்ளைகள் தாமாகவே உணர்ந்துகொள்வார்கள்.

வேரா பூமியில் விழுமா என்ற கவலையை விட்டுவிடலாம். வேரா சூரியனுக்கு மிக நெருங்கும்போதும் 2.5 அலகு தூரத்தில் இருக்கும். பூமியிலிருந்து பார்த்தால் குறைந்தது 22 கோடி கிலோமீட்டர். செவ்வாயின் பாதையைக்கூட அது எட்டிப் பார்ப்பதில்லை.

துண்டு உடைந்து வந்திருக்கலாமே என்பது உங்கள் பேத்தியின் கேள்வி. நல்ல கேள்வி, யோசித்துத்தான் கேட்டிருக்கிறார். சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறுவது உண்மை. அந்தச் சில்லுகள் சூரிய வெப்பத்தை வாங்கி வெளிவிடும்போது ஏற்படும் மிகச் சிறிய தள்ளுதலால் லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல இடம் மாறுகின்றன. மாறிப் போய் நான் முன்னே சொன்ன இடைவெளிகளில் ஒன்றில் விழுந்தால் பாதை குலைந்து உள்நோக்கி வீசப்படும். அப்படி வீசப்பட்டவற்றுள் சில பூமியில் விழுகின்றன. ஆனால் பூமிக்கு வருகிற கற்களை அதிகம் அனுப்புவது பட்டையின் உள்பகுதி. வேரா இருக்கிற வெளிப்பட்டையில் சிதறும் சில்லுகள், வியாழன் அருகில் இருப்பதால், பெரும்பாலும் சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேற்றப்படுகின்றன. இல்லையென்றால் சூரியனில் போய் விழுகின்றன. இதுவரை பூமியில் கிடைத்த எந்தக் கல்லையும் வேராவோடு இணைத்து யாரும் நிறுவவில்லை. வெஸ்டாவுக்கு அந்தத் தொடர்பு உண்டு. 1996இல் ராஜஸ்தானின் பிப்லியா கலான் ஊரில் விழுந்த கல், வெஸ்டாவிலிருந்து வந்ததாகக் கருதப்படும் வகையைச் சேர்ந்தது. 2011இல் டான் விண்கலம் வெஸ்டாவைச் சுற்றி வந்து எடுத்த அளவுகள் அந்தத் தொடர்பை வலுப்படுத்தின.

வேராவின் துண்டு உங்களிடம் இல்லை. வேராவின் இனத்தைச் சேர்ந்த ஒரு கல் உங்கள் சீமையிலேயே விழுந்திருக்கிறது என்பது உங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1857 பிப்ரவரி 28. அன்றைய மதுரை ஜில்லாவின் தெற்கே வெடிச்சத்தத்தோடு இரண்டு கற்கள் வானிலிருந்து விழுந்தன. பெரியது சுமார் 60 கிலோ, சிறியது 17 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உலக விண்கல் பட்டியலில் அது ‘பர்னல்லி’ என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பதிவில் கொடுத்திருக்கிற இடம் வடக்கு அட்சரேகை 9 பாகை 14 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகை 21 கலை. வரைபடத்தில் விரலை வைத்தால் கமுதிக்குத் தெற்கே, பெருநாழி வட்டாரத்தில் வந்து நிற்கும். பாலவனத்தத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். அன்று மதுரைப் பக்கம் ஊழியம் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் கண்டவர்களை விசாரித்து விவரங்களை எழுதிவைத்தார். அவர் எழுதியதால்தான் நாளும் இடமும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. பெரிய கல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வியன்னாவின் வில்ஹெல்ம் ஹைடிங்கர் 1861இல் அதைப் பற்றி ஆய்வுரை எழுதினார். 160 ஆண்டுகளுக்கு மேலாக அதன் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்து உலகம் படித்துக்கொண்டிருக்கிறது.

படிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அது காண்டிரைட் என்ற வகைக் கல். அறுத்துப் பார்த்தால் உள்ளே மில்லிமீட்டர் அளவுள்ள உருண்டைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். சூரியன் உருவாகிக்கொண்டிருந்தபோது அதைச் சுற்றி மிதந்த தூசி உருகித் துளியாகி இறுகியவை அவை. வயது ஏறத்தாழ 456 கோடி ஆண்டு. பூமியில் கிடைக்கும் எந்தப் பாறையும் அவ்வளவு பழையது இல்லை. விண்கற்களில் பலவும் தாய்ச் சிறுகோளுக்குள் இருந்தபோதே சூடாகி, உருண்டைகளின் விளிம்பு கரைந்துவிட்டிருக்கும். பெருநாழிப் பக்கம் விழுந்த கல்லில் அந்தச் சூடு அதிகம் ஏறவில்லை, எல்.எல். 3 என்ற பிரிவில் அதை வைத்திருக்கிறார்கள். பிறந்த நிலை கெடாமல் வந்த கல் என்று பொருள். அதனால்தான் ஆய்வாளர்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறார்கள். 2008 செப்டம்பரில் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்ததும் இதே எல்.எல். இனம்தான், ஆனால் நன்றாகச் சூடு கண்டது.

இந்த இனத்துக்கும் எஸ் வகைச் சிறுகோள்களுக்கும் உறவு உண்டு என்பதை வெகுகாலம் ஊகமாகத்தான் வைத்திருந்தார்கள். ஒளியைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் முழுதாக ஒத்துப்போகவில்லை. ஜப்பானின் ஹயபூசா விண்கலம் இடோகாவா என்ற எஸ் வகைச் சிறுகோளில் 2005இல் இறங்கி, தூசியை அள்ளிக்கொண்டு 2010 ஜூனில் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் கொண்டுவந்து சேர்த்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு துகள்கள். ஆராய்ந்தபோது அவை எல்.எல். காண்டிரைட்டாகவே இருந்தன. விண்வெளியில் சூரியக் காற்றும் நுண்கற்களும் இடைவிடாமல் தாக்குவதால் மேற்பரப்பு மட்டும் நிறம் மாறியிருந்தது. ஒத்துப்போகாமல் நின்றதற்குக் காரணம் அதுதான். சூளகிரிக் கல்லுக்கும் கமுதிக்குத் தெற்கே விழுந்த கல்லுக்கும் எஸ் வகையில் சொந்தம் இருக்கிறது என்று இன்று தயக்கமின்றிச் சொல்ல முடிவது அந்தத் துகள்களால்.

வெளிநாட்டு நூலகங்களில் ‘பர்னல்லி’ என்று தேடினால் கட்டுரைகள் வரிசையாக வரும். கமுதியிலோ அருப்புக்கோட்டையிலோ பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியாது என்பார்கள். எனக்கு அது மிகவும் வலிக்கிறது. உங்கள் பேத்தி தன் கல்லூரியில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தால் பெரிய காரியம் செய்ததாக இருக்கும்.

காவலூரைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் இருக்கிற அந்த வான்நோக்ககத்தில் 1988இல் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர், எண் 4130. போக்சனின் வேராவுக்கும் அதற்கும் நடுவே நூறாண்டுக்கு மேல் ஓடியிருந்தது. இடோகாவாத் தூசி, காவலூர்த் தகடு, மதராஸ் வரைபடம் எல்லாமே ஒருவர் இன்ன நாளில் இன்ன இடத்தில் கண்டேன் என்று எழுதிவைத்ததால் நிலைத்தவை. உங்களையும் அதைத்தான் கேட்கப் போகிறேன்.

உங்கள் கல்லுக்கு வருவோம். வானிலிருந்து விழும் கல் காற்றில் உராயும்போது மேல்தோல் உருகிக் கருகி, மெல்லிய கறுப்புப் பொருக்காகப் படியும். கட்டைவிரலால் அழுத்தியதுபோன்ற ஆழமில்லாத பள்ளங்கள் இருக்கலாம். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தால் உள்ளே சாம்பல் நிறம் தெரியும், சில இடங்களில் உலோகம் மினுங்கும். காற்றுக் குமிழி வெடித்த துவாரம் இருக்காது. குமிழித் துவாரம் இரும்புக் கிட்டத்தின் அடையாளம். உலையில் உருகி ஓடிய கழிவு இறுகும்போது உள்ளே சிக்கிய காற்று விட்டுப்போன தடம். கிட்டத்திலும் இரும்பு மிஞ்சியிருப்பதால் காந்தம் ஒட்டும். எனவே காந்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். குளியலறை டைல்ஸின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கல்லின் ஓரத்தை ஒருமுறை அழுத்தித் தேயுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் ஹெமடைட், கரிய கோடு விழுந்தால் மேக்னடைட். இரண்டும் பூமியின் இரும்புத் தாதுக்கள். விண்கல் பெரும்பாலும் கோடு போடாது. அடுத்தது பருமன். தண்ணீரில் முக்க வேண்டாம், உண்மையிலேயே விண்கல்லாக இருந்தால் ஈரம் அதைத் துருவாக்கிக் கெடுத்துவிடும். ஒரு பாத்திரத்தில் கம்பை விளிம்பு வரை தலை தட்டி நிரப்புங்கள். அதை வேறொன்றில் கொட்டிவிட்டு, காலிப் பாத்திரத்தில் கல்லை வைத்து, அதே கம்பை மறுபடி தலை தட்டி நிரப்புங்கள். மிஞ்சிய கம்பை லிட்டர்ப் படியில் அளந்தால் அதுதான் கல்லின் பருமன். உங்கள் 4 கிலோ 300 கிராமுக்கு ஒன்றே கால் லிட்டர், ஒன்றேகாலுக்குச் சற்று மேல் என்று மிஞ்சினால் காண்டிரைட்டின் அடர்த்திக்குப் பொருந்துகிறது. ஒரு லிட்டரும் மிஞ்சாவிட்டால் இரும்புத் தாது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் சாதாரணப் பாறை அல்லது கிட்டம்.

கோடி ரூபாய் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். இரிடியம், கலசம் என்று சொல்லி எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளியவர்களின் பேச்சு அது. சோதனைக் கட்டணம், முன்பணம் என்று யாராவது கேட்டு வந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். கும்பிடுவது உங்கள் விருப்பம். ஆனால் எண்ணெய், மஞ்சள், குங்குமம் எதுவும் அதன்மேல் படக் கூடாது. சுத்தியலால் உடைக்கவும் வேண்டாம். பழைய செய்தித்தாளில் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

கிடைத்த இடத்தின் சர்வே எண், எவ்வளவு ஆழத்தில் கொழு தட்டியது, தேதி, அப்போது உடன் இருந்தவர்கள் யார் என்பதைப் பேத்தியிடம் எழுதச் சொல்லுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். விருதுநகர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் புவியியல் மற்றும் சுரங்கத் துறையின் மாவட்ட அலுவலகத்தைக் கேட்டு, முதலில் அங்கே காட்டுங்கள். அவர்களுக்கு ஐயம் இருந்தால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சென்னை அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். நாட்டில் விழும் விண்கற்களை வாங்கிப் பாதுகாக்கும் பொறுப்பு அந்தத் துறைக்குத்தான். கொல்கத்தாவில் அவர்களுடைய சேகரிப்பு இருக்கிறது.

கல்லை வரப்பில் தூக்கிப் போடாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னேன்; கிட்டம் என்று முடிவானாலும் வருந்த வேண்டாம். உங்கள் புஞ்சையில் கிட்டம் கிடைக்கிறது என்றால் அங்கே எப்போதோ இரும்பு உருக்கியிருக்கலாம். தமிழ்நாட்டில் இரும்பின் தொன்மை பற்றி மாநிலத் தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை உலக அளவில் பேசப்பட்டது. உங்கள் மாவட்டத்து வெம்பக்கோட்டையிலேயே 2022 முதல் அகழாய்வு நடந்திருக்கிறது. கொழு தட்டிய இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள்: இன்னும் கிட்டம், சுட்ட மண் குழாய்த் துண்டுகள், கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் ஏதாவது கிடக்கின்றனவா என்று. இருந்தால் எதையும் பெயர்க்காமல் படம் மட்டும் எடுத்துத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அடுத்த உழவுக்கு அந்த மூலையை மட்டும் விட்டுவைக்க முடிந்தால் நல்லது.